தீப்பிடித்ததா, தீ வைத்தார்களா? மனுவில் எழுதும் ஒரு சொல்

கோடையில் பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வைக்கோல் போர் எரிந்தாலும் கொட்டகை எரிந்தாலும் ஸ்டேஷனுக்குப் போகும் மனுவில் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறார்கள்: "எங்கள் கொட்டகை தீப்பிடித்து எரிந்துவிட்டது, நடவடிக்கை எடுக்கவும்." யாரோ கொளுத்தினார்கள் என்று மனசுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் எழுத்தில் வருவது 'தீப்பிடித்து' என்பதுதான். தீப்பிடித்தால் விபத்து. தீ வைத்தால் குற்றம்.

2024 ஜூலை 1 முதல் இந்தக் குற்றம் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 326-ஆம் பிரிவில் வருகிறது. அதற்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 435, 436 பிரிவுகளே பொருந்தும். குற்றம் என்று நிரூபிக்க, தீயால் சொத்து சேதமானது மட்டும் போதாது. சேதப்படுத்தும் எண்ணம் இருந்தது, அல்லது இப்படிச் செய்தால் சேதமாகும் என்று தெரிந்தே செய்தார் என்று காட்ட வேண்டும்.

அப்புறம், எரிந்தது எது என்று பார்ப்பார்கள். போரில் இருந்த கேழ்வரகு, வைக்கோல், வண்டி போன்ற எந்தச் சொத்தானாலும் 326(எஃப்): 7 ஆண்டு வரை சிறை, அபராதம். பழைய சட்டத்தில் விளைபொருள் என்றால் 10 ரூபாய், மற்றவை என்றால் 100 ரூபாய் சேதமாவது இருக்க வேண்டும் என்ற வரம்பு இருந்தது. இப்போது அது இல்லை. ஆட்கள் குடியிருக்கும் வீடு, கோயில், மசூதி, தேவாலயம், பொருள் பத்திரப்படுத்தும் இடம் ஆகியவற்றை அழிக்கும் எண்ணத்தில் வைத்த தீ என்றால் 326(ஜி): 10 ஆண்டு வரை சிறை அல்லது ஆயுள் தண்டனை, கூடவே அபராதம்.

அதனால்தான் 'கொட்டகை' என்று மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். உள்ளே புளி மூட்டை அடுக்கியிருந்ததா, ராத்திரி யாராவது படுப்பதுண்டா, கடைசியாகப் பூட்டியது யார் என்றும் எழுதுங்கள். ஓலைக் கூரை போட்ட ஒரே கொட்டகைதான். அதை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்பதைப் பொறுத்துப் பிரிவே மாறும்.

பங்காளிகள் கூட்டாக அனுபவிக்கும் சொத்தில் தன் பங்கும் இருக்கிறது என்று சொல்லி ஒருவர் தப்பிக்க முடியாது. தன் சொத்தை எரித்தாலும், அதனால் இன்னொருவருக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்து செய்தால் குற்றமே.

வரப்பில் சருகைக் கொளுத்திவிட்டுக் கவனிக்காமல் போய், அடுத்தவர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வரவழைத்தால் அது வேறு, 287-ஆம் பிரிவு: 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் புதுப்புல் முளைக்கட்டும் என்று காட்டில் வைக்கும் தீயை அப்படி லேசாக நினைக்க வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பரவியிருக்கும் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்துக்குள் தீ வைப்பதை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே தடை செய்கிறது.

பட்டியலினத்தவர், பழங்குடியினர் அல்லாத ஒருவர், அவர்களுடைய வீட்டையோ வழிபாட்டு இடத்தையோ அழிக்கத் தீ வைத்தால், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி ஆயுள் தண்டனை. மனுவில் சாதியைக் குறிப்பிடத் தயங்கவே கூடாது.

உயிர் போனால் வழக்கு தீவைப்போடு நிற்காது. 2000 பிப்ரவரி 2-ல் தருமபுரி இலக்கியம்பட்டியில் கல்லூரிப் பேருந்தைக் கொளுத்தியதில் 3 மாணவிகள் இறந்தார்கள். இன்றும் அந்த இடத்தைக் கடக்கும்போது மனசு கனக்கிறது. அது கொலை வழக்காகவே நடந்தது. 3 பேருக்கு விதித்த தூக்குத் தண்டனையை 2016-ல் உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது.

சரி, எரிந்த அன்றைக்கு என்ன செய்வது? தீ அணைந்ததும் சாம்பலைக் கூட்டி அள்ளாதீர்கள். மண்ணெண்ணெய் கேன், தீப்பெட்டி எது கிடந்தாலும் தொடாமல் போட்டோ எடுங்கள். தீயணைப்பு நிலையத்தில் தீ விபத்துச் சான்று கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதலாம். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். மனுவின் முதல் வரியில், சந்தேகம் இருந்தால், "தீ வைத்ததாகச் சந்தேகப்படுகிறேன்" என்று எழுதி, அதற்கான காரணத்தையும் அடுத்த வரியிலேயே எழுதிவிடுங்கள்.