ஃபார்மேட் போடுவதற்கு முன் பத்து நிமிடம்: மலைவீட்டுக் கம்ப்யூட்டர் ஏன் திணறுகிறது?

ஆடி மழை கூடலூர், பந்தலூர் பக்கம் ஓய்வதற்குள் ஐப்பசி மழை குன்னூரையும் கோத்தகிரியையும் பிடித்துக்கொள்ளும். நீலகிரியில் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் படுத்துக்கொள்ளும் காலமும் இதுதான். சர்வீஸுக்குக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரியைத்தான் சொல்வார்கள்: "ரொம்ப ஸ்லோவா இருக்குங்க, ஒரு ஃபார்மேட் போட்டுக் குடுத்துடுங்க."

டிஸ்கை முழுசாக அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றும் ஃபார்மேட் கடைசி மருந்து. அதை முதலிலேயே கொடுத்தால் நாலு நாள் சுறுசுறுப்பாக ஓடிவிட்டு, ஐந்தாம் நாள் பழையபடி திணறும். ஹார்ட் டிஸ்க் சாகிற நிலையில் இருந்தால் இன்னும் மோசம். பச்சைத் தேயிலைக் கணக்கு, ஹோம்ஸ்டே புக்கிங், பிள்ளைகளின் ப்ராஜெக்ட், பத்து வருடத்துப் போட்டோக்கள் எல்லாம் அதோடு போய்விடும்.

முதலில் கேட்க வேண்டியது, எப்போது ஸ்லோ என்பதுதான். ஆன் செய்த நிமிடத்திலிருந்தே என்றால் டிஸ்க் மேல் சந்தேகம். நன்றாக ஓடி அரை மணி நேரம் கழித்து என்றால் சூடு. ப்ரவுசர் திறந்தபின் என்றால் ரேம் (டாஸ்க் மேனேஜரில் 'மெமரி') அல்லது ப்ரவுசரில் ஒட்டிக்கொள்ளும் துணை நிரலான எக்ஸ்டென்ஷன். எக்செல் பறக்கிறது, யூடியூப் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் கம்ப்யூட்டரில் கோளாறே இல்லை, நெட்டைப் பார்க்க வேண்டும்.

டாஸ்க் மேனேஜர் சொல்லும் சேதி

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய், எந்த வேலையும் கொடுக்காமல் ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். சிபியூ (ப்ராசசர்), மெமரி, டிஸ்க் மூன்றுக்கும் தனித்தனிப் படம் ஓடும்.

சிபியூ பக்கத்தின் கீழே 'அப் டைம்' என்று ஓர் எண் இருக்கும். தினமும் ராத்திரி ஷட் டவுன் செய்கிறவர்களுக்கும் அதில் 20 நாள், 30 நாள் என்று காட்டுவதுண்டு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதிதான் காரணம். ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் தன் உட்பகுதியை முழுசாக மூடாமல் டிஸ்கில் எழுதி வைத்துக்கொள்கிறது, மறுநாள் அதையே எடுத்து விரிக்கிறது. நேற்றைய சிக்கலும் சேர்ந்தே விரியும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுங்கள். சில வீடுகளில் இது ஒன்றே போதும்.

அதே பக்கத்தில் 'ஸ்பீட்' என்று இருக்கும் எண்ணையும் பாருங்கள். வேலை கொடுத்தபோதும் அது 0.4 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸில் அப்படியே நின்றால், ப்ராசசரைக் கடிவாளம் போட்டு இழுத்துப் பிடித்திருக்கிறது என்று பொருள். லேப்டாப்பில் இதற்குப் பல சமயம் சார்ஜர்தான் காரணம். வாட்ஸ் குறைந்த சார்ஜரோ, உள்ளே கம்பி நைந்துபோன சார்ஜரோ மாட்டினால் சில மாடல்கள் அதை நம்பாமல் வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். வேகம் ஏறினால் வாங்க வேண்டியது சரியான வாட்ஸ் உள்ள சார்ஜர் மட்டுமே.

டிஸ்க் 100 சதவீதம்

எந்த வேலையும் இல்லாமல் டிஸ்க் வரைபடம் 100 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தால், உள்ளே இருப்பது அநேகமாகப் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். லேப்டாப்பில் அது பொதுவாக நிமிடத்துக்கு 5,400 சுற்று ஓடும். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை அதன் ஊசி தேடி எடுப்பது நொடிக்குச் சுமார் நூறு தடவைதான். விண்டோஸ் அப்டேட், ஆன்டிவைரஸ், தேடலுக்கான இண்டெக்ஸ் மூன்றும் ஒரே சமயத்தில் கேட்டால் அது என்ன செய்யும்? சுழலாமல் சிப்பிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டி இதே வேலையை ஆயிரக்கணக்கான தடவை செய்யும். அதில் ஊசியே கிடையாது.

ஆனால் எஸ்எஸ்டி வாங்க ஓடுவதற்கு முன் பழைய டிஸ்கின் உடல்நிலையைப் பாருங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அதில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிசைகளின் கடைசி எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5 ஏறிக்கொண்டே போனால் டிஸ்கில் படிக்க முடியாத இடங்கள் கூடிக்கொண்டிருக்கின்றன. அந்த நிமிடமே வேறு எதையும் செய்யாமல் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்குக்கு மாற்றுங்கள். ஸ்கேன் போடுவது, சிதறிய கோப்புகளை ஒழுங்காக அடுக்கும் டிஃப்ராக் செய்வது எல்லாம் நொண்டிக் குதிரையைச் சாட்டையால் அடிப்பது போல. சி7 மட்டும் ஏறினால் டிஸ்க் நல்லதாகவே இருக்கலாம்; பழுது பெரும்பாலும் டேட்டா கேபிளில். டெஸ்க்டாப்பில் அந்தக் கேபிளின் முனை ஈரத்தில் கறுத்துப்போயிருக்கும். மாற்றச் செலவு மிகக் குறைவு.

மலையில் ஹார்ட் டிஸ்குக்கு இன்னோர் எதிரி, பயணம். லேப்டாப்பை மூடினால் அது தூங்குகிறது, அவ்வளவுதான். பைக்குள் விழித்துக்கொண்டு டிஸ்க் சுழலத் தொடங்கினால், ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் அது குலுங்கிக்கொண்டே இறங்கும். கோவைக்கோ மைசூருக்கோ கிளம்பும்போது முழுசாக ஷட் டவுன் செய்து, விளக்கு அணைந்ததைப் பார்த்தபின் பைக்குள் வையுங்கள்.

எஸ்எஸ்டிக்கு மாறுவதென்றால் 2.5 அங்குல சாட்டா வகை பெரும்பாலான பழைய லேப்டாப்புகளுக்குப் பொருந்தும். கொள்ளளவு 256 ஜிபிக்குக் குறைய வேண்டாம். சின்னப் பட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான எம்.2 துளை இருந்தால், அது சாட்டா வகையை ஏற்குமா, அதைவிட வேகமான என்விஎம்இ வகையை ஏற்குமா என்று மாடல் எண்ணை வைத்துப் பார்த்தபின் வாங்குங்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாது. பழைய டிஸ்க் ஆரோக்கியமாக இருந்தால் யூஎஸ்பி கேபிள் வழியாக அப்படியே முழு நகல் எடுத்து (க்ளோன்) மாற்றிவிடலாம். டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அது இல்லாமல் மாட்டிக்கொண்டால் சர்வீஸ் கடையில் யாராலும் திறக்க முடியாது.

சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். சிவப்புக் கோடு காட்டும் டிரைவில் எஸ்எஸ்டியும் மந்தமாகும்.

ரேமும் ஈரமும்

மெமரி பக்கத்தில் மொத்த ரேம் எவ்வளவு என்று மேலே வலது மூலையில் இருக்கும். 8 ஜிபி போட்ட மெஷினில் 4 என்று காட்டினால் ரேம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து போகும் ஊர் இது. ரேமின் தங்கநிறப் பற்கள் மீது மெல்லிய படலம் படிந்து, இரண்டில் ஒன்று தொடர்பு விட்டிருக்கும்.

டெஸ்க்டாப்பில் இதை நீங்களே செய்யலாம். கரண்டை அணைத்து ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். கேபினட்டின் இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு, ரேமின் இரு முனைக் கொக்கிகளையும் விலக்கி, ஓரத்தைப் பிடித்து வெளியே எடுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் பற்களின் மீது ஒரே திசையில், மேலிருந்து கீழாக, மெதுவாகத் தேயுங்கள். ரப்பரில் கறுப்பு ஏறுவது தெரியும். ரப்பர் துகள் துளைக்குள் விழாமல் சுத்தமான பருத்தித் துணியால் துடைத்து, இரு பக்கமும் 'டக்' என்று கொக்கி விழும்வரை அழுத்திப் பொருத்துங்கள். உப்புத்தாள் மட்டும் வேண்டாம். தங்கப் பூச்சே போய்விடும்.

ஈரத்தை வராமல் தடுப்பது இதைவிடச் சுலபம். கம்ப்யூட்டருக்குப் பிளாஸ்டிக் உறை போடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். உள்ளே போன ஈரத்தை அது வெளியே விடாது. பருத்தித் துணி போதும். கேபினட்டைத் தரையிலும், மழை அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். மழை மாதங்களில் வேலை இல்லாவிட்டாலும் தினமும் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். தன் சூட்டிலேயே அது தன்னைக் காயவைத்துக்கொள்ளும். இரவெல்லாம் காரில் கிடந்து குளிர்ந்த லேப்டாப்பைக் கணப்பு மூட்டிய அறைக்குள் கொண்டுவந்ததும் ஆன் செய்யாதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஆவி படிவது போல உள்ளே நீர் கோக்கும். ஒரு மணி நேரம் விட்டுப் பிடியுங்கள்.

"ஊட்டிக் குளிரில் கம்ப்யூட்டர் எப்படிங்க சூடாகும்?" என்று கேட்பார்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிக்கொண்டு போகும் சூடு குறையும். குளிர்ந்த காற்று அதை ஈடுகட்டிவிடும், வழி திறந்திருந்தால். ரஜாய் மீது லேப்டாப்பை வைத்தால் அடியிலுள்ள காற்று வழி அடைபடும். கம்பளி நூல் விசிறிக்குள் போய் மெத்தை போலப் படியும். சும்மா இருக்கும்போதே ப்ராசசர் 70 டிகிரியைத் தாண்டினால் விசிறியைச் சுத்தம் செய்து, ப்ராசசரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டும் மாற்ற வேண்டிய நேரம்.

ப்ரவுசர்

4 ஜிபி ரேமில் விண்டோஸுக்கே பாதிக்கு மேல் போய்விடும். மிச்சத்தில் இருபது டேப் திறந்தால் இடம் போதாமல் டிஸ்கைக் கடன் கேட்கும். டிஸ்க் பழையதென்றால் எல்லாம் உறைந்து நிற்கும். க்ரோமுக்குள் ஷிஃப்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் அதன் சொந்த டாஸ்க் மேனேஜர் வரும். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு மெமரி தின்கிறது என்று வரிசையாகத் தெரியும். செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரி சேவரை ஆன் செய்தால் பார்க்காத டேப்களை அதுவே தூங்கவைக்கும்.

எக்ஸ்டென்ஷன் மேல் சந்தேகம் என்றால் இன்காக்னிட்டோ ஜன்னலில் அதே தளத்தைத் திறங்கள். நீங்களாக அனுமதிக்காதவரை அங்கே எக்ஸ்டென்ஷன் ஓடாது. அங்கே வேகமாகத் திறந்தால் குற்றவாளி எக்ஸ்டென்ஷன்தான். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக ஆன் செய்து பாருங்கள். பிடிஎஃப் மாற்றித் தருகிறேன், வீடியோ இறக்கித் தருகிறேன் என்று வந்து ஒட்டிக்கொண்டவற்றை முதலில் நீக்குங்கள்.

பார்த்த தளங்களின் படங்களை ப்ரவுசர் சேமித்து வைக்கும் கேஷை தினமும் அழிப்பதில் பயனில்லை. அடுத்த முறை அதே படங்களை நெட்டிலிருந்து மறுபடி இறக்க வேண்டியிருக்கும். நெட் மெதுவான கிராமங்களில் இது வேகத்தைக் குறைக்கத்தான் செய்யும். ஒரு தளம் மட்டும் தாறுமாறாகத் தெரிந்தால் அப்போது அழியுங்கள்.

திரையின் மூலையில் 'வைரஸ் 5 கண்டுபிடிக்கப்பட்டது' என்று அடிக்கடி எட்டிப்பார்க்கும் அறிவிப்புகள் பெரும்பாலும் வைரஸ் அல்ல. எப்போதோ ஒரு தளத்தில் 'அலோ' அழுத்தியதன் விளைவு. செட்டிங்ஸில் தள அனுமதிகளுக்குப் போய், நோட்டிஃபிகேஷன் பட்டியலில் தெரியாத பெயர்களை நீக்கினால் அன்றே நின்றுவிடும். திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கையும் போன் நம்பரும் வந்தால், எஸ்கேப்பை அழுத்திப் பிடியுங்கள். போகாவிட்டால் ஆல்ட், எஃப்4. அந்த நம்பருக்கு மட்டும் பேசிவிடாதீர்கள். பேசினால், தூரத்திலிருந்து இயக்கும் மென்பொருளை ஏற்றச் சொல்லி, வங்கிக் கணக்கில் கைவைப்பார்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். 'ஸ்பீட் பூஸ்டர்', 'ரெஜிஸ்ட்ரி க்ளீனர்' எதுவும் தேவையில்லை. இரண்டு ஆன்டிவைரஸும் தேவையில்லை. விண்டோஸோடு வருவது வீட்டுக்குப் போதும்.

எந்தத் தளமும் திறக்கவில்லை, 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்றே வருகிறதா? வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு அளவு பேட்டரி தீர்ந்திருக்கிறது. தேதி தவறினால் தளங்களின் சான்றிதழை ப்ரவுசர் நம்பாது. மூன்று வோல்ட் பேட்டரி, கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

நெட்டைப் பிரித்துப் பார்ப்பது

கமாண்ட் ப்ராம்ப்டில் 'பிங்' கட்டளையோடு ரவுட்டரின் முகவரியை அடியுங்கள். பல ரவுட்டர்களுக்கு அது 192.168.1.1. பதில் சில மில்லிசெகண்டில் வர வேண்டும். இங்கேயே நூறைத் தாண்டினாலோ, இடையில் பதில் அறுந்தாலோ கோளாறு வீட்டுக்குள் வைஃபையில். பழைய பங்களாக்களின் தடித்த கல்சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் அலை தாண்டுவது கடினம். அடுத்த அறைக்கு 2.4 வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். ரவுட்டர் வரை சரியாக இருந்து, வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8 முகவரிக்குப் பிங் கொடுத்தால் மட்டும் தடுமாறினால் லைன்காரரைக் கூப்பிடுங்கள். மரம் சாய்ந்தோ குரங்கு தொங்கியோ கம்பத்தில் ஃபைபர் மடங்கியிருக்கலாம்.

மெஷினுக்கே வயதாகிவிட்டால்

விண்டோஸ் 7, 8.1 இரண்டுக்கும் க்ரோம் 109-தான் கடைசி. வங்கித் தளங்கள் மறுப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான். அதற்கும் கீழான மெஷினில் எஸ்எஸ்டியும் 8 ஜிபி ரேமும் போட்டு விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால், பிள்ளைகளின் படிப்புக்கும் பில் கட்டவும் இன்னும் சில வருடம் ஓடும். ரேம் வாங்கும்போது டிடிஆர்3எல் வகையா, டிடிஆர்4 வகையா என்று பழைய துண்டைக் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்; ஒன்றின் துளையில் மற்றது உட்காராது.

திருட்டு விண்டோஸை இயக்கும் 'ஆக்டிவேட்டர்'களைத் தொடாதீர்கள். அதோடு ஒளிந்து வரும் சில நிரல்கள், டாஸ்க் மேனேஜர் திறந்ததும் அடங்கிவிட்டு, மூடியதும் சிபியூவை உறிஞ்சத் தொடங்கும். திறந்தால் விசிறி அமைதி, மூடினால் இரைச்சல் என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். இந்த ஒரு நிலையில்தான் கோப்புகளை மட்டும் காப்பாற்றி எடுத்துக்கொண்டு ஃபார்மேட் போட்டே ஆக வேண்டும்.

சித்திரையில் கோடை இடி தொடங்கும்போது கரண்ட் ப்ளக்கோடு லேன் கேபிளையும் பிடுங்கி வையுங்கள். ஸ்டெபிலைசரும் யூபிஎஸ்ஸும் இருந்தும் மதர்போர்டு கருகிய மெஷின்களில், பல சமயம் மின்னல் உள்ளே வந்த வழி அந்த லேன் துளைதான்.