கம்யூனிட்டி இன்வால்வ்மெண்ட்: ஈடுபாடா, பங்கேற்பா?

வெளிநாட்டு நிதி சுருங்கும்போது எந்த நலவாழ்வுத் திட்டத்தை முதலில் காப்பது, எதைத் தள்ளிவைப்பது என்று முடிவுசெய்யும் இடங்களிலெல்லாம் 'கம்யூனிட்டி இன்வால்வ்மெண்ட்' என்ற தொடர், அதாவது அத்திட்டங்களால் பயன்பெறும் மக்களையும் முடிவில் சேர்த்துக்கொள்வது என்பது, தவறாமல் வருகிறது. அமெரிக்க அரசு 2025 ஜனவரி 20 அன்று தன் வெளிநாட்டு உதவியை 90 நாள்களுக்கு நிறுத்திவைக்க உத்தரவிட்டபோது, பல நாடுகளின் எய்ட்ஸ், காசநோய்த் திட்டங்கள் இந்தக் கேள்வியை எதிர்கொள்ள நேர்ந்தது. தமிழில் இத்தொடரைச் 'சமூக ஈடுபாடு' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த இரண்டு சொற்களுமே இங்கே பொருந்தவில்லை என்பது என் கருத்து.

தமிழ்நாட்டில் கம்யூனிட்டி சர்டிபிகேட் என்றால் சாதிச் சான்றிதழ். அந்த நிழல் 'சமூகம்' என்ற சொல்லின் மீதும் விழுகிறது. 'மக்கள்' என்றாலே போதும்.

இன்வால்வ் என்பதன் லத்தீன் மூலத்துக்கு 'உள்ளே சுருட்டுதல்' என்று பொருள்; சுருட்டுபவர் வேறு, சுருட்டப்படுபவர் வேறு. ஈடுபாடோ மனம் ஒன்றில் தோய்வதைக் குறிப்பது. இசையில் ஈடுபாடு, இறைவழிபாட்டில் ஈடுபாடு என்கிறோம். முடிவெடுக்கும் உரிமை இவ்விரண்டிலும் இல்லை.

இதே கருத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் இன்னொரு சொல்லான பார்ட்டிசிபேஷனின் மூலம் 'பகுதி', 'எடுத்தல்' என்ற இரு லத்தீன் சொற்களின் சேர்க்கை. நம் 'பங்கேற்பு' அதற்கு நேர் நிற்கிறது. அதைவிட ஆழமாகவும் செல்கிறது. சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் பங்கு என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவுகள் போக மிஞ்சுவது படகு உரிமையாளருக்கும் கடலுக்குப் போனவர்களுக்கும் பங்காகப் பிரிகிறது. மீன்பாடு குறைந்தால் எல்லாருடைய பங்கும் குறைகிறது, ஆகையால் கணக்கைக் கேட்கும் உரிமையும் எல்லாருக்கும் உண்டு. நிதி குறையும் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தெரியவில்லை.

'ஏற்பு' என்பதிலும் இரு பொருள்கள் உள்ளன. 'ஏற்பது இகழ்ச்சி' என்று ஔவையார் சொன்னபோது அது இரந்து பெறுவதைக் குறித்தது. பொறுப்பேற்றல் என்கையில் அதே வினை சுமப்பதைக் குறிக்கிறது. கொடையாளர் நிதியில் நடக்கும் திட்டத்தில் மக்கள் முதற்பொருளிலேயே நிறுத்தப்படுகிறார்கள். ஆனால் ஆரம்ப நலவாழ்வு குறித்த பன்னாட்டு மாநாட்டில் 1978 செப்டம்பரில் வெளியான அல்மா அட்டா அறிக்கை, தங்கள் நலப் பராமரிப்பைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையும் என்று இரண்டாம் பொருளையே முன்வைத்தது.

காசநோய் மாத்திரையை அரசு இலவசமாகத் தருகிறது. அதை ஆறு மாதம் விடாமல் உட்கொள்ளச் செய்வது, வீடு தேடி வந்து விசாரிக்கும் ஓர் ஆளாக இருக்கலாம். செலவைக் குறைக்கும் பட்டியலில் அந்த வருகை சிறு தொகையாகத் தெரியும். அது நின்றால் எந்தத் தெருவில் யார் மருந்தை விட்டுவிடுவார்கள் என்பது வடசென்னையின் வியாசர்பாடியில் அந்நோயிலிருந்து மீண்டவருக்குத் தெரியும். பட்டியல் எழுதப்படும் முன்பே அவரை அழைத்து, அவர் சொல்லுக்கு ஏற்ப வரிசையை மாற்றுவதே மக்கள் பங்கேற்பு.