கிளாடியேட்டர் எலும்புக்குள்ள ஸ்ட்ரான்சியம் எப்படி வந்துச்சு?

"கிளாடியேட்டருங்க எல்லாம் சுத்த சைவமாமே, அப்ப ஜிம்முக்குப் போற பசங்க முட்டை, சிக்கன்னு அலையறது வேஸ்ட்டா?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். கிளாடியேட்டர்னா பழைய ரோம்ல ஜனங்க வேடிக்கை பார்க்க அரங்கத்துல ஆயுதத்தோட சண்டை போட்டவங்க. சுத்த சைவம்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா பார்லியும் பயறும்தான் அவங்களோட முக்கியமான சாப்பாடு. மூத்த பிளினிங்கற ரோமன் எழுத்தாளர் எழுதி வச்சதுல அவங்களுக்குப் பார்லி தின்னிகள்னே பட்டப்பேர் இருந்துச்சுன்னு வருது. ஆனா எழுதி வச்சதை மட்டும் நம்பி உட்கார வேண்டியதில்ல, எலும்பே பேசியிருக்கு, அந்தக் கதைதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

முதல்ல பயிற்சி. பெரும்பாலும் அடிமைகள், போர்க்கைதிகள், தண்டனை வாங்கினவங்க, கூடவே காசுக்காகத் தானா வந்து கையெழுத்துப் போட்ட ஆளுங்களும் உண்டு. லூடஸ்னு சொல்ற பயிற்சிக்கூடத்துலயே தங்கணும், ஓனருக்கு லனிஸ்டான்னு பேர், ஒவ்வொரு சண்டை முறைக்கும் தனித்தனி கோச். தரையில நட்ட ஒரு மரக்கம்பம்தான் முதல் எதிரி, நிஜ ஆயுதத்தை விட ரெண்டு மடங்கு வெயிட்டான மரக்கத்தியையும் கேடயத்தையும் வச்சுக்கிட்டு அதைத்தான் தினமும் அடிக்கணும், ராணுவத்துக்கும் இதே பயிற்சிதான்னு வெஜீஷியஸ்ங்கற ரோமன் எழுத்தாளர் எழுதியிருக்கார். கி.மு. 105-ல ரோமன் ராணுவத்துக்குக் கத்திச்சண்டை சொல்லிக்கொடுக்க கிளாடியேட்டர் கோச்சுகளையே கூட்டிட்டு வந்தாங்க, அந்த அளவுக்கு அவங்க மேல மதிப்பு. வியன்னாவுக்குக் கிழக்க கார்னுன்டும்னு ஒரு இடத்துல 2011-ல ஒரு முழு லூடஸையே கண்டுபிடிச்சாங்க, அதுவும் மண்ணைத் தோண்டாம ரேடார் வச்சே. சுமார் 19 மீட்டர் வட்டத்துல பயிற்சி மைதானம், நடுவுல கம்பம் நட்ட இடம், சுத்தி சின்னச் சின்ன அறைங்க, எல்லாம் படத்துல தெரிஞ்சுது.

இப்ப எலும்புக்கு வருவோம். துருக்கியில எபேசஸ், பைபிள்ல எபேசுன்னு வருமே அதே ஊர்தான். அங்க 1993-ல ஆஸ்திரிய தொல்லியல்காரங்க ஒரு இடுகாட்டைத் தோண்டினப்போ, கிளாடியேட்டர் உருவம் செதுக்கின கல்லறைக் கற்களும் அதோட சேர்ந்து எலும்புகளும் கிடைச்சுது, பெரும்பாலும் வாலிப வயசு ஆம்பளைங்க, காலம் கி.பி. 2, 3-ம் நூற்றாண்டு. அதுல 22 கிளாடியேட்டர், அதே காலத்துல அதே ஊர்ல வாழ்ந்த சாதாரண ஜனங்க 31 பேர், ஆக மொத்தம் 53 பேரோட எலும்பை வியன்னா மருத்துவப் பல்கலைக்கழகமும் பெர்ன் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆராய்ஞ்சு 2014-ல கட்டுரை வெளியிட்டாங்க.

எலும்புல இருக்கிற கொலாஜன் புரதத்துல கார்பன்-13, நைட்ரஜன்-15 (கார்பன், நைட்ரஜனோட கொஞ்சம் கனமான வகைங்க) எவ்வளவுன்னு பார்த்தா, அந்த ஆள் கடைசியா பல வருஷம் என்ன சாப்பிட்டார்னு ஒரு கணக்கு கிடைக்கும். நெல், கோதுமை, பார்லி எல்லாம் ஒரு விதமா ஒளிச்சேர்க்கை பண்ணுது, சோளம், கம்பு, கேழ்வரகு எல்லாம் வேற விதமா பண்ணுது, அதனால கார்பன் கணக்கு மாறும். நைட்ரஜன்-15 உணவுச்சங்கிலியில ஒவ்வொரு படி மேல போகப் போக ஏறும், நிறைய கறி மீன் சாப்பிட்டவங்களுக்கு அதிகமா இருக்கும். பயறு வகை காத்துல இருந்தே நைட்ரஜனை எடுத்துக்கறதால அதுல நைட்ரஜன்-15 குறைச்சல். எபேசஸ்காரங்களுக்கு வந்த ரிசல்ட்: கார்பன் கணக்குப்படி கோதுமை, பார்லி, நைட்ரஜன் மத்த ரோமன் ஊர்களை விடக் கம்மி, அதாவது பயறு நிறைய. இதுல கவனிக்க வேண்டியது, கிளாடியேட்டருக்கும் ஊர் ஜனங்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்ல! ஊரே சாப்பிட்டதைத்தான் அவங்களும் சாப்பிட்டிருக்காங்க.

ஆனா ஒரே ஒரு இடத்துல கணக்கு உதைச்சுது. கால்சியத்தோட ஒப்பிட்டா ஸ்ட்ரான்சியம் எவ்வளவுங்கற விகிதம், கிளாடியேட்டர் எலும்புல மட்டும் தெளிவா அதிகம்.

பீரியாடிக் டேபிள்ல கால்சியம் 20, ஸ்ட்ரான்சியம் 38, ரெண்டும் ஒரே குரூப், ரெண்டு அயனிக்கும் மின்னூட்டம் பிளஸ் ரெண்டு, ஸ்ட்ரான்சியம் கொஞ்சம் பருமன், அவ்வளவுதான். எலும்போட தாதுல கால்சியம் உட்கார வேண்டிய இடத்துல ஸ்ட்ரான்சியமும் போய் உட்கார்ந்துக்கும். ஆனா உடம்பு ஏமாளி இல்ல. கல்யாணப் பந்தியில தெரிஞ்சவங்களா பார்த்து முதல்ல உட்கார வைப்பாங்களே, அந்த மாதிரி குடல் கால்சியத்தை முதல்ல உள்ள எடுக்கும், ஸ்ட்ரான்சியத்துல கொஞ்சத்தைத்தான் விடும், தப்பி உள்ள வந்ததுலயும் ஒரு பங்கை கிட்னி வெளிய தள்ளிடும். செடியில இருக்கிற விகிதம் மாட்டோட உடம்புக்குள்ள வரும்போதே குறைஞ்சிடுது. அந்த மாடு பால் சுரக்கும்போது இன்னொரு தடவை வடிகட்டுது, அதனால பால்லயும் பாலாடைக்கட்டியிலயும் கால்சியம் ஏராளம், ஸ்ட்ரான்சியம் ரொம்பக் கம்மி. அதைக் குடிக்கிற மனுஷனோட குடல் மறுபடி ஒரு தடவை வடிகட்டும்.

அதனால இந்த விகிதம் "கறி தின்னியா, காய் தின்னியா"ன்னு கேக்கற கேள்விக்குப் பதில் இல்ல, "உனக்குக் கால்சியம் முக்கியமா எங்க இருந்து வந்துச்சு"ங்கற கேள்விக்குப் பதில். கறியில கால்சியம் ரொம்ப இல்ல, பார்லியிலயும் இல்ல, அதனால அது ரெண்டும் இந்த விகிதத்தைப் பெருசா அசைக்காது. சாப்பாடு கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தும் கிளாடியேட்டருக்கு மட்டும் ஸ்ட்ரான்சியம் ஏறியிருக்குன்னா, மாட்டு உடம்பு வழியா வடிகட்டப்படாத ஏதோ ஒரு கால்சியம், நேரா செடியில இருந்தே, நிறைய உள்ள போயிருக்கணும்.

அது என்னவா இருக்கும்? சாம்பல்! விறகு எரிஞ்சா கார்பன் பெரும்பாலும் புகையா போயிடும், மிஞ்சற சாம்பல்ல கணிசமா கால்சியம் கார்பனேட்தான், கூடவே செடியில இருந்த ஸ்ட்ரான்சியமும் அப்படியே தங்கிடும். பிளினி தன்னோட இயற்கை வரலாறு நூல்ல, வர்ரோங்கற இன்னொரு ரோமன் அறிஞர் சொன்னதா ஒரு குறிப்பு குடுக்கறார், அடுப்புச் சாம்பல் கரைச்ச தண்ணி மருந்து, சண்டை முடிஞ்சதும் கிளாடியேட்டருங்க அதைக் குடிச்சுத் தேறறதைப் பார்க்கலாம்னு. பல நூறு வருஷமா வெறும் வரியா கிடந்தது, ஆய்வாளருங்க இந்த விகிதத்தைப் பார்த்ததும் அதோட சேர்த்து வச்சுப் பார்த்தாங்க, பொருந்துது. இது அவங்களோட விளக்கம், கோர்ட்ல நிரூபிச்ச மாதிரி இல்ல, ஆனா எனக்கு இதை விட நல்ல விளக்கம் தோணல. அதுக்காக யாரும் வீட்டுல சாம்பல் கரைச்சுக் குடிக்கக் கிளம்பிடாதீங்க, அது காரத்தன்மை உள்ளது, வாயும் தொண்டையும் வெந்துடும்.

அதே பிளினி இன்னொண்ணும் எழுதியிருக்கார், காக்கா வலிப்பு இருக்கிறவங்க செத்துக்கிட்டு இருக்கிற கிளாடியேட்டரோட ரத்தத்தை அந்தச் சூட்டோடயே குடிப்பாங்கன்னு. மனசு பதறுது. ஒரே புத்தகத்துல எலும்போட ஒத்துப்போற ஒரு குறிப்பும் இருக்கு, கொடூரமான ஒரு மூடநம்பிக்கையும் இருக்கு. பழைய ஆளு எழுதிட்டார்னா எல்லாம் சரின்னு சொல்றவங்களையும், பழசுன்னாலே குப்பைன்னு தள்ளறவங்களையும் பார்த்தா எனக்கு ஒரே மாதிரி கோபம் வரும், ஒவ்வொரு வரியையும் தனித்தனியா சோதிச்சுத்தான் ஆகணும். அதுக்குக் காசு வேணும். 1993-ல தோண்டின எலும்பு 2014-ல இந்தப் பதிலைச் சொல்லுச்சுன்னா, நடுவுல 21 வருஷம் அதை யாரோ பெட்டியில போட்டு, லேபிள் ஒட்டி, ஈரம் படாம பாத்துக்கிட்டிருக்காங்க, அந்த வேலைக்குச் சம்பளம் குடுக்கிறதை வீண் செலவுன்னு யார் சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன்.

சரி, ஜிம் கேள்விக்கு. இப்ப துருக்கியில இருக்கிற பெர்கமன்ங்கற ஊர்ல கி.பி. 157-ல இருந்து கிளாடியேட்டர்களுக்கு டாக்டரா இருந்த கேலன், அவங்க தினமும் ஃபாவா பீன்ஸ் கூழ் குடிக்கிறதைச் சொல்லி, அதனால சதை பன்றிக்கறி மாதிரி இறுக்கமா இல்லாம தொளதொளன்னு ஆகுதுன்னு எழுதியிருக்கார். சிக்ஸ் பேக் எல்லாம் சினிமாக்காரங்க வேலை. அந்தக் கொழுப்பு காயத்துல இருந்து காப்பாத்தறதுக்காகவே வளர்த்ததுன்னு சிலர் சொல்றாங்க, அது சுவாரசியமான ஊகம், ஆனா கொழுப்பு எலும்புல பதியாது, அதனால நான் அதுக்கு ஓட்டுப் போட மாட்டேன். எலும்புல பதிஞ்சது தசை ஒட்டற இடங்களோட தடிமன், பலமா உழைச்ச உடம்புன்னு அது காட்டுது.

சண்டையும் கண்டபடி வெட்டிக்கிறது இல்ல. வலையும் திரிசூலமும் வச்சிருக்கிற ரெட்டியாரியஸ் ஒரு பக்கம், வலை மாட்டக்கூடாதுன்னு வழவழப்பா செஞ்ச, கண்ணுக்கு ரெண்டு சின்ன ஓட்டை மட்டும் விட்ட ஹெல்மெட் போட்ட செக்யூட்டர் இன்னொரு பக்கம்னு யோசிச்சு ஜோடி சேர்ப்பாங்க, கூடவே கையில கோலோட நடுவர் நிப்பார். ஒரு ஆளை வளர்க்க ஆன செலவு லனிஸ்டாவுக்குத்தான் தெரியும், அதனால தோத்தவன் எல்லாரும் செத்துடல, மன்னிப்பு வாங்கிட்டு மறுபடி சண்டைக்கு வந்தவங்க நிறைய. எபேசஸ் மண்டையோடுகள்ல நல்லா ஆறின பழைய காயங்க இருக்கு, அதாவது அவங்களுக்கு வைத்தியம் ஒழுங்கா நடந்திருக்கு. ஒருத்தரோட தொடை எலும்புல, முழங்காலுக்குப் பக்கத்துல, சதுரமா நாலு ஓட்டை. ஒரு கல்லறைச் சிற்பத்துல நாலு முனை வச்ச ஒரு கத்தியைச் செதுக்கியிருந்தாங்க, அப்படி ஒரு ஆயுதத்தை யாரும் கையில எடுத்துப் பார்த்தது இல்ல, அது என்னன்னு குழம்பிக்கிட்டு இருந்தவங்களுக்கு இந்த நாலு ஓட்டைதான் விடை.