அணைத்த கணினிக்குள் அணையாத மின்சாரம்

மேசைக் கணினியின் பவர் பட்டனை அழுத்துகிறோம். விளக்கு எரியவில்லை, விசிறி சுழலவில்லை, திரையில் எதுவும் தெரியவில்லை. "மதர்போர்டு போய்விட்டது" என்ற முடிவுக்குத்தான் பெரும்பாலோர் உடனே வருகிறார்கள். பழுது பார்க்கும் இடங்களிலும் சில வேளைகளில் இதே அவசரத்தோடு ஒரு பாகத்தைக் கழற்றிவிட்டு இன்னொன்றைப் பொருத்திப் பார்க்கிறார்கள். ஆனால் கணினி உயிர்பெறுவது ஒற்றைச் செயல் இல்லை. ஒரு படி சரியாக முடிந்தால்தான் அடுத்த படிக்கு அனுமதி கிடைக்கும் என்ற வரிசையில் அது நிகழ்கிறது. வேலை எந்தப் படியில் நின்றது என்று கண்டுபிடித்துவிட்டால், பழுதான பாகம் எது என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். அதற்கு மின்னழுத்தத்தை அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டரும் சற்றுப் பொறுமையும் போதும்.

1990களின் நடுப்பகுதி வரை கணினியின் முகப்பில் இருந்தது உண்மையான சுவிட்ச். சுவரிலிருந்து வரும் மின்சாரம் தடித்த கம்பி வழியாக அந்தச் சுவிட்சுக்கே வந்து, அதை அமுக்கினால் உள்ளே பாயும், விடுவித்தால் முற்றிலும் துண்டிக்கப்படும். மதர்போர்டும் மின்வழங்கியும் எப்படி அமைய வேண்டும் என்று 1995இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏடிஎக்ஸ் வரையறை இந்த ஏற்பாட்டை மாற்றியது. இன்றைய பவர் பட்டன் மின்சாரத்தை இணைப்பதும் இல்லை, துண்டிப்பதும் இல்லை. மதர்போர்டின் விளிம்பில் உள்ள இரண்டு சிறு ஊசிகளை ஒரு கணம் ஒன்றோடொன்று தொடவைப்பது மட்டுமே அதன் வேலை. அந்தத் தொடுதலை மதர்போர்டில் உள்ள ஒரு சில்லு உணர்ந்து, கணினியை எழுப்பலாம் என்று முடிவு செய்கிறது. அப்படியானால், அணைந்து கிடக்கும் கணினியில் அந்தச் சில்லு மட்டும் எப்படி விழித்திருக்கிறது?

எஸ்எம்பிஎஸ் என்று நாம் அழைக்கும் மின்வழங்கிப் பெட்டிக்குள் உண்மையில் இரண்டு மின்வழங்கிகள் இருக்கின்றன. பெரியது 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் ஆகிய முதன்மை மின்னழுத்தங்களைத் தருகிறது. கணினி இயங்கும்போது மட்டுமே அது வேலை செய்யும். சிறியது, பிளக் சுவரில் செருகப்பட்டு சுவிட்ச் போடப்பட்டிருக்கும் நேரமெல்லாம் ஓய்வின்றி இயங்கி, ஊதா நிறக் கம்பியில் 5 வோல்ட்டை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இதைக் காத்திருப்பு மின்சாரம் எனலாம். பட்டனைக் கவனிக்கும் சில்லு இதில்தான் வாழ்கிறது. பல மதர்போர்டுகளில், கணினி அணைந்திருக்கும்போதும் ஒரு சிறு விளக்கு எரிந்துகொண்டிருப்பதன் காரணமும் இதுவே.

பட்டன் அழுத்தப்பட்டதும் நடப்பதைப் பார்ப்போம். மதர்போர்டுக்குச் செல்லும் 24 முனை இணைப்பியில் 16ஆம் முனை பச்சைக் கம்பி. எஸ்எம்பிஎஸ் இதில் ஒரு மின்னழுத்தத்தை ஏற்றி வைத்திருக்கும். மதர்போர்டு இந்தக் கம்பியைச் சுழிய வோல்ட்டான தரைமுனையோடு இணைத்து அதன் அழுத்தத்தைக் கீழே இழுத்தால், பெரிய மின்வழங்கி விழித்துக்கொள்ளும். அதன் வெளியீடுகள் எல்லாம் நிலைப்பட்ட பிறகு, ஏறக்குறைய 0.1 நொடியிலிருந்து 0.5 நொடிக்குள், எஸ்எம்பிஎஸ் சாம்பல் நிறக் கம்பியில் "எல்லாம் சரி" என்ற குறிப்பை 5 வோல்ட்டாக அனுப்பும். அந்தக் குறிப்பு வரும்வரை மதர்போர்டு செயலியை அசையவிடாமல் பிடித்து வைத்திருக்கும். வந்த பிறகே செயலி விடுவிக்கப்பட்டு, நிலையாகப் பதிந்துள்ள தொடக்க நிரலின் முதல் கட்டளையைப் படிக்கத் தொடங்குகிறது. மின்னழுத்தம் தள்ளாடும்போது செயலி கணக்கிடத் தொடங்கினால் விடை தாறுமாறாகிவிடும் என்பதால்தான் இத்தனை எச்சரிக்கை.

இந்த வரிசை மனத்தில் நின்றுவிட்டால், பழுது தேடுவது தேர்ந்த கேள்விகளைக் கேட்பதாக மாறிவிடும்.

முதல் கேள்வி: பெட்டிக்கு மின்சாரம் வருகிறதா? இது அற்பமாகத் தோன்றினாலும் கேபினெட்டைத் திறப்பதற்கு முன் தீர்த்துவிட வேண்டிய கேள்வி. யுபிஎஸ்ஸையும் நீட்டிப்புப் பலகையையும் விலக்கிவிட்டு, பவர் கார்டை நேராகச் சுவர்ப் பிளக்கில் செருகிப் பாருங்கள். பல மானிட்டர்களின் கார்டும் அதே வகைதான் என்பதால், நன்றாக எரியும் மானிட்டரின் கார்டை மாற்றிச் செருகிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறம் உள்ள சுவிட்சையும் கவனியுங்கள். வட்டக் குறி அமுங்கியிருந்தால் அது அணைந்திருக்கிறது, கோட்டுக் குறிதான் அமுங்கியிருக்க வேண்டும். பழைய பெட்டிகள் சிலவற்றில் 115, 230 என்று எழுதிய சிவப்பு நிறத் தள்ளுசுவிட்ச் ஒன்றும் இருக்கும். நம் 230 வோல்ட் இணைப்பில் இது தவறுதலாக 115இல் இருந்தால், உள்ளே இருக்கும் மின்னழுத்த இரட்டிப்புச் சுற்று ஏறத்தாழ 650 வோல்ட்டை உண்டாக்கி, மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் பெரிய மின்தேக்கிகளை (கெப்பாசிட்டர்) வெடிக்கச் செய்துவிடும். சுத்தம் செய்பவர் கைபட்டும் நகரக்கூடிய சுவிட்ச் இது. இயக்கும் முன் பார்த்துவிடுவது கட்டாயம்.

இரண்டாம் கேள்வி: காத்திருப்பு மின்சாரம் உயிரோடு இருக்கிறதா? மல்டிமீட்டரை நேர்மின்னோட்ட 20 வோல்ட் அளவில் வைத்து, கறுப்பு முனையைக் கேபினெட்டின் வண்ணம் பூசாத திருகு ஒன்றில் வையுங்கள். சிவப்பு முனையை 24 முனை இணைப்பியின் பின்புறத்தில், ஊதாக் கம்பி உள்ளே நுழையும் இடுக்கில் மெல்லச் செருகுங்கள். இணைப்பியைக் கழற்ற வேண்டியதில்லை. 4.75க்கும் 5.25க்கும் இடையில் ஓர் எண் நிலையாக நிற்க வேண்டும். சுழியம் காட்டினாலோ, நான்கு வோல்ட் அளவில் அலைந்தாலோ, பட்டனைக் கவனிக்க வேண்டிய சில்லு பட்டினியில் இருக்கிறது என்று பொருள். அந்நிலையில் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை.

"நேற்றுவரை நன்றாக ஓடிய கணினி, நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு எழவே இல்லை" என்று பலர் சொல்லக் கேட்கிறோம். மின்சாரம் திரும்பி வந்தபோது எழுந்த அழுத்தத் துள்ளல் காரணமாக இருக்கலாம், அதற்கும் வாய்ப்புண்டு. ஆனால் பழைய பெட்டிகளில் இன்னொரு காரணம் அதைவிடச் சுவையானது. சிறிய மின்வழங்கி ஆண்டுக்கணக்கில், கணினி அணைந்திருக்கும் இரவுகளிலும், இடைவிடாமல் இயங்கி வந்திருக்கிறது. அதிலுள்ள மின்தேக்கிகளுக்குள் இருக்கும் திரவ மின்பகுபொருள் வெப்பத்தால் மெதுவாக உலர்ந்துவிடும். வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் இத்தகைய மின்தேக்கியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு. உலர உலர அதன் உள்மின்தடை ஏறுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது அது வெதுவெதுப்பாக இருப்பதால் ஒருவாறு சமாளித்துவிடும். மின்வெட்டில் முற்றிலும் குளிர்ந்த பிறகோ உள்மின்தடை இன்னும் கூடி, சுழியத்திலிருந்து மறுபடி கிளம்புவதற்கான முதல் உந்தலை அதனால் தர முடிவதில்லை. செருகிய நிலையில் சிறிது நேரம் விட்டுவைத்தால் சில பெட்டிகள் தாமாகவே எழுந்துகொள்வதற்கும் இந்த வெப்பமே காரணம். அப்படி எழுந்துகொண்டதைக் குணமடைந்ததாக எண்ணாமல், இருக்கும் கோப்புகளை அன்றே படியெடுத்துக்கொண்டு எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மதர்போர்டில் உள்ள மின்தேக்கிகளும் இப்படிச் சாவதுண்டு. 2000களின் தொடக்கத்தில் தயாரான ஏராளமான பலகைகளில், மின்பகுபொருளின் கலவைக் குறையால் மின்தேக்கிகள் உள்ளே வாயு சேர்ந்து வீங்கின. உருளையின் தலையில் சிலுவைபோல் கீறியிருக்கும் கோடுகள், அழுத்தம் மிகும்போது பக்கவாட்டில் சிதறாமல் அங்கே பிளக்க வேண்டும் என்பதற்காகவே இடப்பட்டவை. நல்ல மின்தேக்கியின் தலை தட்டையாக இருக்கும். மேடிட்டிருந்தாலோ பழுப்பு நிறக் கசிவு காய்ந்திருந்தாலோ மீட்டர்கூட வேண்டியதில்லை.

ஊதாக் கம்பியில் 5 வோல்ட் இருக்கிறது, ஆனாலும் எழவில்லை என்றால், சிவப்பு முனையைப் பச்சைக் கம்பிக்கு மாற்றுங்கள். எல்லாக் கம்பிகளும் கறுப்பாக இருக்கும் புதிய பெட்டிகளில் நிறத்தை நம்ப முடியாது. 16ஆம் முனையை எண்ணிப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும், அதன் இருபுறமும் உள்ள 15, 17 இரண்டும் தரைமுனைகள். சில பெரிய நிறுவனங்களின் கணினிகள் தமக்கே உரிய இணைப்பிகளைப் பயன்படுத்துவதால் இந்த எண்கள் அவற்றுக்குப் பொருந்தா. அணைந்த நிலையில் பச்சைக் கம்பி 2 வோல்ட்டுக்கு மேல், பொதுவாக 3 முதல் 5 வோல்ட் வரை காட்டும். மீட்டரைப் பார்த்தபடியே பட்டனை அழுத்துங்கள். எண் 0.8க்குக் கீழே சரிந்தால், பட்டனும் கவனிக்கும் சில்லும் தம் வேலையைச் செய்துவிட்டன, கட்டளை எஸ்எம்பிஎஸ்ஸைச் சென்றடைந்துவிட்டது. சில பலகைகளில் அது கணநேரமே தாழ்ந்து திரும்பிவிடும் என்பதால் மீட்டரின் திரையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது.

எண் அசையவே இல்லை என்றால் பழுது பட்டன், மதர்போர்டு பக்கம். முதலில் பட்டனையே ஐயப்படுங்கள். ஆயிரக்கணக்கான முறை அழுத்தப்பட்டுத் தேய்ந்த மலிவான பாகம் அது. பட்டனிலிருந்து வரும் கம்பியை மதர்போர்டிலிருந்து உருவிவிட்டு, அந்த இரண்டு ஊசிகளை ஒரு திருப்புளியின் நுனியால் ஒரு கணம் தொடுங்கள். கணினி எழுந்தால் மதர்போர்டு குற்றமற்றது. அப்போதும் எழாவிட்டால், பட்டனின் கம்பியைத் திரும்பப் பொருத்தி, பவர் கார்டை உருவிவிட்டுப் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, கார்டை மீண்டும் செருகிப் பாருங்கள். மந்திரம்போல் தோன்றும் இந்த வழக்கத்துக்குத் தெளிவான காரணம் உண்டு: காத்திருப்பு மின்சாரம் நிற்பதே இல்லை என்பதால், ஏதோ ஒரு குழப்பத்தில் சிக்கிய சில்லு அதே நிலையில் நாள்கணக்கில் உறைந்திருக்க முடியும். மின்தேக்கிகளில் தங்கிய மின்னேற்றத்தையும் வடித்துவிட்டால்தான் அது புதிதாகத் தொடங்கும்.

எண் சரிந்தது, விசிறி ஒரு சுற்று அசைந்துவிட்டு நின்றது என்பது வேறு கதை. பெரிய மின்வழங்கி எழுந்து, எங்கோ குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்) இருப்பதை உணர்ந்து, தன்னைக் காத்துக்கொள்ள அடங்கிவிட்டது. கேபினெட்டுக்குள் விழுந்த ஒரு திருகு, மதர்போர்டின் அடியில் துளையில்லாத இடத்தில் தவறிப் பொருத்திய பித்தளைத் தாங்கி, உள்ளே எரிந்துபோன கிராபிக்ஸ் கார்டு, வன்தட்டு என எதுவும் காரணமாகலாம். ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றி முயன்றுகொண்டே வந்தால், எதைக் கழற்றியதும் விசிறி தொடர்ந்து ஓடுகிறதோ அதுவே குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் அதே நிலை என்றால் மதர்போர்டைக் கேபினெட்டுக்கு வெளியே எடுத்து ஓர் அட்டைப்பெட்டியின் மேல் வைத்து முயல்வது நல்லது.

விசிறிகள் எல்லாம் ஓடியும் திரை இருளாகவே இருந்தால் அது மின்வழங்கலின் தொடக்கத்தைக் கடந்த பழுது. செயலிக்கு அருகில் உள்ள தனி 4 அல்லது 8 முனை இணைப்பியை முதலில் பாருங்கள். செயலி கேட்பது ஏறக்குறைய 1 வோல்ட்தான். அதற்குப் பல பத்து ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும், அதை மதர்போர்டு இந்த 12 வோல்ட் இணைப்பிலிருந்தே மாற்றித் தருகிறது. இது நழுவியிருந்தால் விசிறிகள் வீணாகச் சுழலும். அடுத்து, தற்காலிக நினைவகமான ராமைக் கழற்றித் தூசு நீக்கி மறுபடி அழுத்திப் பொருத்துவது.

எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியே கழற்றி, பச்சை முனையையும் பக்கத்துத் தரைமுனையையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து, விசிறி ஓடினால் "பெட்டி நல்லது" என்று தீர்ப்புச் சொல்பவர்கள் பலர். அந்தச் சோதனை பெட்டி எழுகிறது என்பதை மட்டுமே காட்டும். சுமையைத் தாங்குமா என்பதைக் காட்டாது. மஞ்சள் கம்பியின் 12 வோல்ட்டை, எல்லாவற்றையும் இணைத்து இயக்கும்போது அளக்க வேண்டும், 11.4க்குக் கீழே இறங்கினால் பெட்டி தேறாது. மாற்றுவதென்று முடிவான பிறகும் பெட்டியின் மூடியைத் திறக்கக் கூடாது. 230 வோல்ட் மாறுமின்னோட்டம் உள்ளே ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்னோட்டமாகி ஒரு பெரிய மின்தேக்கியில் சேர்ந்திருக்கும். பிளக்கை உருவிய பிறகும் அது நெடுநேரம் அங்கேயே தங்கியிருக்கலாம்.