பல் நாற்காலியும் இதயமுடுக்கியும்

இதயமுடுக்கி பொருத்திக்கொண்ட பிறகு என் பெரியப்பா இரண்டு ஆண்டுகள் பல் சுத்தம் செய்துகொள்ளவே இல்லை. சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு பல் மருந்தகத்தின் வாசல்வரை போய், உள்ளே கேட்ட கருவியின் கிரீச்சொலிக்கு அஞ்சித் திரும்பியிருக்கிறார். உண்மையில் அந்த ஒலியால் முடுக்கிக்குக் கெடுதல் இல்லை.

பெரும்பாலும் இடப்பக்கக் காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் வைக்கப்படும் இந்தச் சிறிய டைட்டானியப் பெட்டி, மெல்லிய கம்பி வழியாக இதயத்தை ஓயாமல் கவனித்தபடி இருக்கிறது. இயல்பான துடிப்பு வந்தால் காத்திருக்கும். வரத் தவறினால் தூண்டும். அது உணரும் மின்குறிப்பு சில மில்லிவோல்ட் அளவே என்பதால், வெளியிலிருந்து வரும் மின்காந்த இரைச்சலை இதயத்துடிப்பு என்று எண்ணி, தூண்ட வேண்டிய தருணத்தில் அது சும்மா இருந்துவிடக்கூடும். முடுக்கியையே முழுதும் நம்பியிருப்பவருக்குச் சில நொடித் தாமதமே மயக்கம் தரப் போதும்.

பற்காரையை அகற்றும் மீயொலிக் கருவிகளில் ஒரு வகையின் கைப்பிடிக்குள் கம்பிச்சுருள் உண்டு. அதன் மாறும் காந்தப்புலம் உள்ளிருக்கும் நிக்கல் தகடுகளைச் சுருக்கி விரிப்பதால், நுனி விநாடிக்கு 25,000 முறைக்கும் மேல் அதிர்கிறது. பழைய ஆய்வுக்கூடச் சோதனைகளில் முடுக்கிகளைக் குழப்பியது இந்த வகைதான். மற்றொரு வகையில் அதிர்வைத் தருவது படிகம். அங்கே காந்தச்சுருளுக்கு வேலையில்லை. இன்றைய முடுக்கிகளில் இரைச்சலை வடிகட்டும் பாகங்களும், இரண்டு மின்முனைகளும் நுனியருகிலேயே அமைந்த இருமுனைக் கம்பிகளும் இருப்பதால் இடையூறு அரிது என்றாலும், படிக வகையைக் கேட்டுப் பெறுவதே நல்லது என்பேன். காந்தப்புலம் தொலைவு கூடக்கூட விரைவாக வலுவிழப்பதால், கருவியின் கம்பியை நோயாளியின் மார்பின் மேல் கிடத்தாமல் இருப்பதும் முக்கியம்.

உண்மையில் கூடுதலாக எச்சரிக்கை வேண்டுவது, ஈறை வெட்டும் மின் அறுவைக் கருவிக்கு. அதன் ஒருமுனை வகையில் மின்னோட்டம் வாயிலிருந்து உடலில் ஒட்டிய தகடுவரை பாய்கிறது; வழியில் முடுக்கி இருக்கலாம். அப்படிப்பட்ட சிகிச்சைக்கு முன் இதய மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். பல் துளைக்கும் கருவியையும் வழக்கமான எக்ஸ்ரேயையும் எண்ணி அஞ்ச வேண்டியதில்லை.

சென்ற மாதம் பெரியப்பா முடுக்கியின் அடையாள அட்டையோடு பல் மருந்தகத்துக்குப் போனார். அட்டையிலிருந்த மாதிரிப் பெயரைப் பார்த்துக் குறித்துக்கொண்ட மருத்துவர், படிகக் கருவியை எடுத்து, அதன் கம்பியை அவருடைய வலத்தோள் பக்கமாகத் திருப்பிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்.