தொல்குடி மக்கள்: சொல் விளக்கம்

‘இண்டிஜினஸ் பீப்பிள்ஸ்’ என்ற ஐ.நா. வழக்கை நம் செய்திகள் ஆதிவாசிகள், பழங்குடியினர், பூர்வகுடிகள், மலைவாசிகள் என்று கைக்கு வந்தபடி எழுதுகின்றன. எல்லாம் ஒன்றல்ல.

ஐ.நா. வழக்கின் முதற்சொல்லான ‘இண்டிஜினஸ்’ லத்தீன் வழி வந்தது. ‘இண்டிஜெனா’ என்றால் அந்த மண்ணிலேயே பிறந்தவர். காடும் மலையும் அதில் இல்லை.

இரண்டாம் சொல்லான ‘பீப்பிள்ஸ்’ என்பதன் பன்மை விகுதிக்காகப் பல ஆண்டுகள் மல்லுக்கட்டு நடந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 107ஆம் உடன்படிக்கை (1957) அவர்களை வெறும் ‘மக்கள்தொகை’ என்றது. 169ஆம் உடன்படிக்கை (1989) பன்மையை ஏற்றது. ஆனால் பன்னாட்டுச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு உள்ள உரிமைகள் இதனால் வந்துவிடா என்று ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டது. தனி மக்களினம் என்று ஒப்புக்கொண்டால் சுயநிர்ணயம் கேட்பார்களே என்ற அச்சம்தான். 2007 செப்டம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபை 144 வாக்குகளால் ஏற்ற பிரகடனத்தில் அந்த வரி இல்லை. சுயநிர்ணய உரிமை இருக்கிறது. எதிர்த்து வாக்களித்த ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா நான்கும் பின்னர் நிலையை மாற்றிக்கொண்டன.

தமிழுக்கு வருவோம். ‘ஆதிவாசி’ வடமொழி வேர்களில் அமைந்தது. இந்தியாவில் அம்மக்களின் இயக்கங்களே ஏற்றுக்கொண்ட பெயர் என்பதால் அங்கே அதை மாற்ற நமக்கு உரிமையில்லை. ‘பழங்குடி’ நெடுங்காலச் சொல். ‘வழங்குவ துள்வீழ்ந்தக் கண்ணும் பழங்குடி பண்பில் தலைப்பிரிதல் இன்று’ என்ற குறளில் அதன் பொருள் தொன்றுதொட்டு வரும் நற்குடி. இன்றோ அரசு அட்டவணையில் இடம்பெற்ற இனம் என்ற சட்டப் பொருளில் இறுகிவிட்டது. பிற நாட்டு மக்களைச் சொல்லும்போது இடறும்.

மலைவாசி, வனவாசி என்பவைதான் மோசம். ஆளை ஓரிடத்தில் அடைத்துவிடுகின்றன. அவர் தலைநகர் வீதியில் பதாகையோடு நின்றால் ‘இவருக்கு இங்கே என்ன வேலை’ என்று அந்தச் சொல்லே கேட்டுவிடும்.

1972 ஜனவரி 26 அன்று ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் அப்போதைய நாடாளுமன்றத்துக்கு எதிர்ப் புல்வெளியில் நான்கு தொல்குடி இளைஞர்கள் ஒரு கடற்கரைக் குடையை நட்டு, ‘தூதரகம்’ என்று பெயர் வைத்தார்கள். நிலவுரிமை மறுக்கப்பட்டுச் சொந்த மண்ணிலேயே அயலார் ஆனவர்களுக்குத் தூதரகம் வேண்டாமா? அங்கே கூடாரம் போடுவதைத் தடுக்க அப்போது சட்டம் இல்லை. ஜூலையில் அரசு அவசரமாக விதி இயற்றிக் காவலர்களை அனுப்பியது. கூடாரங்களைப் பிடுங்கிய பின்னும் மக்கள் திரும்ப வந்து நட்டார்கள். அந்தத் தலைநகர் எழுந்ததே தொல்குடி நிலத்தில்தான்.

ஆகவே என் பரிந்துரை ‘தொல்குடி மக்கள்’. பன்மையை அழுத்த வேண்டிய இடத்தில் ‘தொல்குடி மக்களினங்கள்’. தொன்மையைச் சொல்கிறது, இருப்பிடத்தைக் கட்டுவதில்லை.

கூடவே வரும் ‘அமைதியான போராட்டம்’ என்ற தொடரிலும் ஒரு சிக்கல். தமிழில் அமைதி என்றால் சத்தமின்மையும்தான். சட்டம் கேட்பது அதை அல்ல. அமைதியாகக் கூடும் உரிமையை விளக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழுவின் 37ஆம் பொதுக் கருத்துரை (2020) போக்குவரத்தும் அன்றாட அலுவல்களும் தடைபடுவது மட்டும் வன்முறை ஆகாது என்கிறது. சிறு தள்ளுமுள்ளுக்கும் அதே கணக்குத்தான். பறையடித்துச் சாலையை நிறைத்து வரும் ஊர்வலமும் இந்த உரிமைக்குள் அடங்கும். ‘வன்முறையற்ற போராட்டம்’ என்றே எழுதலாம்.