ரோந்து நோட்டில் மீண்டும் மீண்டும் வரும் கதவு எண்கள்

நான் ரோந்து போகும் போலீஸ்காரன். மாதக் கடைசியில் ரோந்து நோட்டைப் புரட்டிப் பார்ப்பது என் பழக்கம். மேலிடத்துக்குப் போகும் அறிக்கை தனி, அதில் எண்ணிக்கை மட்டும் இருக்கும். நோட்டில் எத்தனை மணிக்கு, எந்தத் தெரு, யார் கூப்பிட்டார்கள், போனபோது என்ன கண்டேன் என்று என் கோழிக் கிறுக்கலில் எல்லாம் கிடக்கும்.

போன மாதத்தில் துரத்திப் பிடித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் அந்த ஆள் சுவரேறிக் குதித்துக் காலைச் சுளுக்கிக்கொண்டதால் கிடைத்தது. மற்றபடி நள்ளிரவில் அலறும் பாட்டு, வாசலை மறித்து நிறுத்திய கார், காற்றடித்தாலே கத்தும் கடை அலாரம், வீட்டுக்கு வழி மறந்து இரவு உடையோடு நடந்துகொண்டிருந்த ஒரு பெரியவர், கணவன் மனைவி சண்டை, பூட்டை உடைத்த இரண்டு திருட்டு. சினிமா பார்த்து இந்த வேலைக்கு வருகிற பையன்கள் முதல் மாதத்திலேயே சோர்ந்து போவது இதனால்தான்.

ஆனால் நோட்டை நிதானமாகப் படித்தால் ஒன்று பிடிபடும். என் பீட்டில், அதாவது நான் ரோந்து சுற்றும் பகுதியில், தெருக்கள் எத்தனையோ இருக்கின்றன. நோட்டில் வருவதோ அதே சில கதவு எண்கள்.

இது எங்கள் பகுதிக்கு மட்டும் உரிய விசித்திரம் இல்லை. அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் போலீசுக்கு வந்த அழைப்புகளை ஆராய்ந்து 1989இல் ஓர் ஆய்வு வெளியானது. நகரத்தின் மொத்த முகவரிகளில் சுமார் 3 சதவீதத்திலிருந்துதான் பாதி அழைப்புகள் வந்திருந்தன. அதற்கு முன்பே 1972-73இல் கன்சாஸ் நகரில் வேறொரு சோதனை நடந்தது. 15 ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் வழக்கமான ரோந்தையே நிறுத்தினார்கள், கூப்பிட்டால் மட்டும் வண்டி போகும். இன்னொன்றில் ரோந்தை இரண்டு மூன்று மடங்காக்கினார்கள். மூன்றாவதில் எப்போதும்போல். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் குற்றத்திலும் வித்தியாசம் இல்லை, மக்களின் பயத்திலும் வித்தியாசம் இல்லை. வண்டி குறைந்ததையோ கூடியதையோ பெரும்பாலானவர்கள் கவனிக்கவே இல்லை.

முதல் தடவை இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் ராத்திரி தூக்கம் கெட்டது வீணா? அப்புறம் யோசித்துப் பார்த்தால் சரிதான். போகிற போக்கில் விளக்கைச் சுழற்றிக்கொண்டு சுற்றினால் பெட்ரோல்தான் செலவாகும். எந்த இடம் என்று தெரிந்து, அங்கே பத்துப் பதினைந்து நிமிடம் வண்டியை நிறுத்தி, இறங்கி நடந்தால் நாங்கள் போன பிறகும் கொஞ்ச நேரம் அந்த இடம் அடங்கியிருக்கும். இதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். சரி, எந்த இடம் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் சொன்னால்தான் தெரியும். எங்கள் நோட்டின் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது வாரம் ஒரு சந்தின் கோடி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் நடந்து போகும்போது அந்த வீட்டுப் பெரியவர் பேச்சோடு பேச்சாக, “பின்கதவுல தாழ்ப்பாள் பக்கம் மரம் பெயர்ந்திருந்தது தம்பி. எலி கடிச்சிருக்கும், ஒரு வாரம் இருக்கும்” என்றார். போய்ப் பார்த்தேன். கதவு விளிம்பில், தாழ்ப்பாள் இருக்கும் உயரத்துக்குச் சரியாக, விரல் அகலத்தில் இரண்டு அழுத்தங்கள். உள்ளே மரம் இன்னும் வெளிறிய புது நிறத்தில் இருந்தது. தரையில் பொடி கிடந்ததை அவர் பெருக்கித் தள்ளிவிட்டாராம்.

“ஐயா, ஸ்க்ரூடிரைவர் வைத்திருக்கிற எலியாக இருக்கும்” என்றேன். சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அதே வரிசையில் இரண்டு வீடு தள்ளி மூன்று நாள் முன்புதான் பின்கதவு வழியாகப் புகுந்து எடுத்துப் போயிருந்தார்கள். அந்தக் கதவிலும் இதே அகலத் தடம் இருந்ததை நானே பார்த்திருந்தேன். பெரியவர் அன்றைக்கே ஒரு போன் போட்டிருந்தால் அந்த வரிசையின் பின்பக்கம் எங்கள் கால் பட்டிருக்கும். திருட்டு நின்றிருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். சான்ஸ் இருந்தது, அவ்வளவுதான்.

திருடு போன வீட்டுக்கு மறுபடி வர மாட்டான் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறாக. உள்ளே வழி தெரிந்துவிட்டது, பூட்டின் பலவீனம் தெரிந்துவிட்டது, தூக்க முடியாமல் விட்டுப் போனது எங்கே இருக்கிறது என்றும் தெரியும். போன பொருளுக்குப் பதிலாகப் புதிது வாங்கி வைப்பீர்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். முதல் சில வாரங்களில்தான் ஆபத்து அதிகம், பக்கத்து வீடுகளுக்கும் அது பரவும், போகப் போகக் குறையும்.

இங்கிலாந்தில் ராச்டேல் ஊரிலுள்ள கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1986இல் தொடங்கிய ஒரு திட்டம் இதை வைத்துத்தான் வேலை செய்தது. எல்லா வீட்டையும் காவல் காக்கப் போகாமல், ஏற்கெனவே திருடு போன வீடுகளை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். பூட்டையும் கதவையும் பலப்படுத்தினார்கள். உள்ளே சேரும் காசால் திருடனுக்கு ஆசை காட்டிய, காசு போட்டால் ஓடும் கேஸ், மின்சார மீட்டர்களைக் கழற்றி எடுத்தார்கள். சுற்றியிருக்கும் அரை டஜன் வீட்டுக்காரர்களிடம் அந்த வீட்டின் மீது ஒரு கண் வைக்கச் சொன்னார்கள். மூன்று வருடத்தில் அந்தக் குடியிருப்பில் வீட்டுத் திருட்டு முக்கால்வாசி குறைந்தது.

ஆகவே உங்கள் வீட்டில் திருடு போனால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அக்கம்பக்கத்தில் அன்றைக்கே சொல்லுங்கள். கதவு திறந்து கிடப்பதைப் பார்த்தால் உள்ளே போகாதீர்கள், ஆள் இன்னும் உள்ளேயே இருக்கலாம். வெளியே நின்று போன் செய்யுங்கள். நாங்கள் வரும்வரை எதையும் எடுத்து அடுக்க வேண்டாம். வீட்டை இப்படியா விட்டு வைப்பது என்று பாதிப் பேர் பெருக்கித் துடைத்துவிட்டுக் கூப்பிடுகிறார்கள், கைரேகையும் குப்பையோடு போய்விடுகிறது.

கூப்பிடும் விஷயத்திலும் ஒரு வருத்தம் உண்டு. மைத்துனருக்குப் பேசி, அலுவலகத் தோழருக்குப் பேசி, கடைசியில்தான் போலீசுக்கு வருகிறது அழைப்பு. வண்டி லேட் என்று திட்டு மட்டும் எங்களுக்கு. எடுத்தவுடன் இடத்தைச் சொல்லுங்கள். லைன் கட் ஆனாலும் இடம் தெரிந்தால் வந்துவிடலாம். என்ன நடக்கிறது, யாருக்காவது அடியா, கையில் ஆயுதம் உண்டா என்பதெல்லாம் அடுத்து. கட்டுப்பாட்டு அறையில் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் வண்டி இன்னும் கிளம்பவில்லை என்று அர்த்தமில்லை. பல நேரம் அதற்குள் எங்கள் வயர்லெஸ்ஸில் உங்கள் தெருப் பெயர் ஒலித்துவிட்டிருக்கும்.

கணவன் மனைவி சண்டை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது தனியாக எழுத வேண்டிய விஷயம். நோட்டில் அதிகம் திரும்பி வரும் கதவு எண்கள் இந்த வகைதான். அடி வாங்குகிறவர் கூப்பிடுவது அபூர்வம். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கூப்பிட்டால்தான் உண்டு. “குடும்ப விஷயம், நமக்கெதுக்கு” என்று டிவி சத்தத்தைக் கூட்டி வைக்காதீர்கள். உங்கள் பெயரை அந்த வீட்டில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டே தகவல் தரலாம்.

அந்தச் சந்துக்கு வருகிறேன். பெரியவர் வீட்டையும் திருடு போன வீட்டையும் சுற்றியிருந்த ஐந்து வீட்டில் ஏறி இறங்கிச் சொல்லிவிட்டு வந்தேன். ராத்திரி ரோந்தில் அந்தப் பின்பக்கம் இப்போது கட்டாய நிறுத்தம். முந்தாநாள் மழை. சீருடை தெரியாமல் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு டார்ச் அடித்தபடி நடந்தேன். மாடியில் படாரென்று ஜன்னல் திறந்தது.

“யாருங்க அது? நில்லுங்க அங்கேயே. போலீசுக்குப் போன் பண்ணிட்டேன்!”

உண்மையிலேயே பண்ணியிருந்தார். என் இடுப்பில் இருந்த வயர்லெஸ், அந்தச் சந்தின் பெயரைச் சொல்லி என்னையே அங்கே போகச் சொன்னது.